சிரிக்க வைக்கும் சொற்களும் சிந்தையில் நிற்கும் நூல்களும்



ஆண்டுதோறும் வெளிவரும் நமது பள்ளி மலரில் ஒழுக்கம், சிக்கனம், நேரந் தவறாமை, கல்வியின் சிறப்பு ஆகிய உயர்ந்த பொருள்களைப் பற்றிப் பலர் எழுதுகின்றனர். அவை யாவும் வேண்டியவையே. ஆயினும் நான் இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. அது சிரிப்பைப் பற்றியது. அதிலும் ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் குழந்தைக்கு வருகின்ற சிரிப்பைப் பற்றியது. ‘ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதத்தக்க பொருளா இது?’ எனச் சிலர் வியக்கக்கூடும். கட்டுரையை இறுதி வரை படித்த பின்னர்த் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேடிக்கையான சொல்லைக் கேட்டுச் சிரிக்கத் தெரிந்த குழந்தையே, பிற்காலத்தில் நூல்களைத் தானாகத் தேடிப் படிக்கும் மனிதனாக வளர்கிறது. அச்சிரிப்பை அடக்குகின்ற வீடும் வகுப்பறையும், தம்மை அறியாமலேயே, படிப்பின் வேரில் வெந்நீர் ஊற்றுகின்றன.

முதன்முதலாகப் படித்த சொல்

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்னர் மூன்றாம் ஆண்டு வகுப்பொன்றில் நான் தமிழ் கற்பித்து வந்தேன். அவ்வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு மாணவன் அமர்ந்திருப்பான். அவன் தந்தை செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். தாய் உதிர்ந்த பழங்களைப் பொறுக்குபவர். அவன் வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. கரும்பலகையில் உள்ளதைப் பார்த்துப் பார்த்து எழுதுவான். படிக்கச் சொன்னால் தலை கவிழ்ந்து நிற்பான். இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கு வந்தும் ஒரு சொல்லையேனும் அவன் தானாக எழுத்துக் கூட்டிப் படித்தானில்லை.

ஒரு நாள் பெருமழை பெய்தது. தகரக் கூரையின் ஓசையில் பாடம் நடத்த இயலவில்லை. ஆகவே பாடநூலை மூடி வைத்துவிட்டு, ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து உரத்த குரலில் படிக்கத் தொடங்கினேன். அக்கதையில் கொழுத்த தவளையொன்று மரக்கிளையில் ஏறி நின்று பாட்டுப் பாடும். பாட்டின் நடுவே கால் தவறித் ‘தொபுக்கடீர்’ எனக் குளத்தில் விழும். அந்த இடம் வந்ததும் வகுப்பே சிரித்தது. எல்லாரையும் விட உரத்த சிரிப்பொலி கடைசி வரிசையிலிருந்து எழுந்தது. சிரிப்பு அடங்கிய பின்னும் அவன் மட்டும் ‘தொபுக்கடீர், தொபுக்கடீர்’ என முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மணி அடித்ததும் என் மேசையருகே வந்து நின்றான்.

“ஐயா, அந்தச் சொல் எங்கே இருக்கிறது? காட்டுங்கள்” என்றான்.

காட்டினேன். ‘தொ’ எது, ‘பு’ எது, ‘டீ’ எது என அவன் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அதுவரை அவனுக்கு வெறுங் கோடுகளாகத் தெரிந்த ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் அன்றுதான் ஓசையுடையவை ஆயின. அவன் தானாகப் படித்த முதற்சொல் ‘அம்மா’ அன்று, ‘பள்ளி’யும் அன்று, ‘தொபுக்கடீர்’!

இதற்குக் காரணம் உண்டு. ‘அம்மா’ என்னும் சொல்லை ஒரு குழந்தை எழுத்தை உற்றுப் பாராமலே, பக்கத்திலுள்ள படத்தைக் கண்டு ஊகித்துச் சொல்லிவிடும். ‘தொபுக்கடீர்’ என்பதை அவ்வாறு ஊகிக்க முடியாது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தே தீர வேண்டும். அவ்வாறு பார்க்கும் உழைப்புக்கு உடனடிக் கூலியாகச் சிரிப்புக் கிடைக்கிறது. கூலி கிடைக்கும் வேலையை எவர்தாம் மறுப்பார்?

அவன் பெரும் புலவனாகிவிட்டான் என நான் கதை கட்ட மாட்டேன். இன்று அவன் லோரி ஓட்டுகிறான். சென்ற ஆண்டுப் பள்ளி விளையாட்டுப் போட்டியின்போது தன் மகளுடன் வந்திருந்தவன் என்னைக் கண்டு வணங்கி, “ஐயா, அந்தத் தவளைப் புத்தகம் இன்னும் கடையில் கிடைக்குமா?” எனக் கேட்டான். மகளுக்குப் புத்தகம் தேடும் தந்தை ஒருவனை அந்த ஒரு சொல் உண்டாக்கிற்று. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்த வினாவே.

மொழியிலேயே அமைந்த விளையாட்டு

வேடிக்கைச் சொற்களை இழிவானவை என எண்ணுவோர் நம் மொழியின் இயல்பைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பழந்தமிழ் இலக்கண நூலாகிய தொல்காப்பியமே இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் கூறுகிறது. இரட்டித்து வரும் இச்சொற்களைப் பிரித்தால் அவை தனித்து நில்லா என்பது அதன் கருத்து. ஓடை சலசலவென ஓடுகிறது. முறுக்கு மொறுமொறுவென இருக்கிறது. ஒட்டுப்பால் கையில் பிசுபிசுவென ஒட்டுகிறது. ‘பிசு’ என ஒரு முறை மட்டும் சொல்லிப் பாருங்கள், ஒன்றும் விளங்காது. இரண்டாவது ‘பிசு’ வந்து சேர்ந்தவுடன் விரல் நுனியில் அப்பாலின் பசை தெரிகிறது! பொருளற்ற இரண்டு துண்டுகள் சேர்ந்து பொருள் தருவது ஒரு மாயவித்தை அன்றோ?

காளமேகப் புலவர் என்றொரு பெரும்புலவர் இருந்தார். ககர வரிசை எழுத்துகளை மட்டுமே கொண்டு ஒரு வெண்பாவும், தகர வரிசை எழுத்துகளை மட்டுமே கொண்டு மற்றொரு வெண்பாவும் அவர் பாடியதாகத் தனிப்பாடல் தொகுப்புகளில் காண்கிறோம். முதல் முறை கேட்போர்க்கு அவை காகம் கரைவது போலவும் தாளம் தட்டுவது போலவும் தோன்றும். பொருளை அறிந்த பின்னரோ வியப்பு மேலிடும். புலவர்களே சொல்லோடு இவ்வாறு விளையாடியிருக்க, ஏழு வயதுக் குழந்தை விளையாடுவதில் குற்றம் என்ன?

நாவுக்குப் பயிற்சி தரும் தொடர்களும் இவ்வகையினவே. ‘மழையில் நனைந்த வாழையிலையில் ஏழைக் கிழவி கூழைக் குழைத்தாள்’ என நான் என் வகுப்பில் ஒரு தொடர் கட்டிச் சொல்வதுண்டு. மூன்று முறை விரைந்து சொல்லும்போது மாணவர் நா பிறழும், எல்லாரும் சிரிப்பர், என் நாவும் பிறழும், இன்னும் உரக்கச் சிரிப்பர். அச்சிரிப்பினூடே ழகரம் நாவில் படிந்துவிடும். ழகரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் அறிவுரை கூறினாலும் அப்பயன் விளைவதில்லை.

அயல் வீட்டுச் சொற்கள்

நம் குழந்தைகள் பேறு பெற்றவர்கள். அவர்கள் செவியில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் நாள்தோறும் விழுகின்றன. மொழிகள் மோதிக்கொள்ளும் இடத்தில் வேடிக்கைக்குக் குறைவேது?

மலாய் மொழியில் வண்ணத்துப்பூச்சிக்குக் ‘குப்பு குப்பு’ என்று பெயர். செம்மறியாட்டுக்குப் ‘பிரி பிரி’. நம் இரட்டைக்கிளவி போலவே இவையும் இரட்டையராகப் பிறந்தவை. மின்மினிப் பூச்சிக்குக் ‘கெலிப் கெலிப்’ என்று ஒரு பெயர். மினுக்கி மினுக்கி ஒளிர்வதால் வந்த பெயர் அது. நம்முடைய ‘மின்மினி’யும் மின்னுவதால் வந்ததே. கோலசிலாங்கூர் ஆற்றங்கரையில் இரவில் மரமெங்கும் ஒளிரும் அப்பூச்சிகளைப் பார்த்தவர்கள், இரு மொழியினரும் ஒரே காட்சியைக் கண்டு பெயரிட்டுள்ளனர் என்பதை உடனே உணர்வர்.

தோட்டத்து ஓரமெங்கும் படர்ந்திருக்கும் ஒரு முட்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டவுடன் இலைகளை மூடிக்கொள்ளும் அதனைத் தமிழர் ‘தொட்டாற்சுருங்கி’ என்றனர். ‘தொட்டாற்சிணுங்கி’ என்றும் கூறுவர். மலாய்க்காரர் அதனைச் ‘செமாலு’ என்கின்றனர். ‘மாலு’ என்றால் நாணம். நமக்கு அது சிணுங்கும் குழந்தை. அவர்களுக்கு அது நாணும் பெண். ஒரே செடிக்கு இரண்டு பெயர். இரண்டு பெயரிலும் இரண்டு அழகு. இதனைச் சொல்லிக் கொடுத்த நாளில் என் மாணவர்கள் இடைவேளை முழுவதும் திடலோரத்தில் குனிந்து அச்செடியைத் தொட்டுக்கொண்டிருந்தனர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மலாய் மொழியில் தமிழிலிருந்து சென்ற சொற்கள் பல. கடை அங்கே ‘கெடாய்’ ஆயிற்று. கப்பல் ‘கப்பால்’ ஆயிற்று. கட்டில் ‘காத்தில்’ ஆயிற்று. பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று. தோழன் ‘தோலான்’ ஆனான். கோயில் என்னும் சொல் அங்கே போய்க் ‘குயில்’ என ஒலிக்கிறது. குளமோ ‘கோலம்’ ஆகிவிட்டது. சாலையோரப் பலகையைப் படித்த ஒரு சிறுமி, “அம்மா, குயிலுக்கு ஏன் இவ்வளவு பெரிய கோபுரம்?” எனக் கேட்டாளாம். நீச்சல் குளத்தின் பலகையைக் கண்ட அவள் தம்பி, “இங்கே கோலம் எங்கே போட்டிருக்கிறார்கள்?” என்று தேடினானாம். இவற்றைக் கேட்டுச் சிரித்தால் போதாது. நம் முன்னோர் கடல் கடந்து வாணிகம் செய்த காலத்தில், அவர்தம் சொற்களும் உடன் சென்று குடியேறின என்னும் வரலாறு அச்சிரிப்பின் பின்னே நிற்கிறது. பெற்றோர்களே! உங்கள் பிள்ளை இத்தகைய வினாவைக் கேட்டால், ‘சும்மா இரு’ என அதட்டாதீர்கள். அது வரலாற்றுப் பாடத்தின் முதல் வினா.

சொல்லைக் கண்டு சிரித்தலும், சொல்பவரைக் கண்டு சிரித்தலும்

நிற்க. சிரிப்பிலும் இருவகை உண்டு. ஒன்று வளர்க்கும், மற்றொன்று வெட்டும். இதனை நான் என் வாழ்வில் கற்றேன்.

என் பெற்றோர் இரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். விடியுமுன் தந்தையார் பெரட்டுக்குப் போவார். ஆட்கள் வரிசையாக நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடமே பெரட்டு. அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே எங்கள் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர். மரத்தில் கட்டிய கோப்பை எங்களுக்கு ‘மங்கு’. எழுத்தர் ‘கிராணி’. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் ‘ஆயாக் கொட்டகை’. காலை உணவு உண்பதை நாங்கள் ‘பசியாறுதல்’ என்போம். 

ஆரம்பக் கல்வி முடிந்து பட்டணத்துப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம். ‘என் தந்தை’ என்னும் தலைப்பில் பேச வேண்டியிருந்தது. ‘என் தந்தை நான்கு மணிக்கு எழுந்து, பசியாறிவிட்டுப் பெரட்டுக்குப் போவார்’ எனத் தொடங்கினேன். வகுப்பில் சிலர் சிரித்தனர். அச்சொல்லின் ஓசையைக் கேட்டு மகிழ்ந்த சிரிப்பு அன்று அது. என் கால்சட்டையையும் என் தந்தையையும் என் தோட்டத்தையும் சேர்த்துச் சிரித்த சிரிப்பு. நான் பேச்சை நிறுத்திவிட்டு அமர்ந்தேன். அதன்பின் பல மாதங்கள் அவ்வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை.

அதனினும் பெரிய பிழையொன்றை நான் செய்தேன். வீடு திரும்பியதும், “இனிமேல் பெரட்டு என்று சொல்லாதீர்கள் அப்பா, எல்லாரும் சிரிக்கிறார்கள்” எனத் தந்தையிடம் கூறினேன். அவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், “அந்தப் பெரட்டுக்கு நான் போவதால்தானப்பா நீ பட்டணத்துப் பள்ளிக்குப் போகிறாய்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. அச்சொற்கள் இன்றும் என் நெஞ்சில் முள்ளாகத் தைக்கின்றன.

மாணவ மணிகளே! இதனை நினைவிற் கொள்ளுங்கள். சொல்லைக் கேட்டுச் சிரிக்கும்போது, அதைச் சொன்னவரும் நம்மோடு சேர்ந்து சிரிக்கிறாரா எனப் பாருங்கள். அவரும் சிரித்தால் அது விருந்து. அவர் தலை கவிழ்ந்தால் அது அடி.

இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரக் காடுகள் பல செம்பனைக் காடுகளாயின. பல வீட்டு மனைகளாயின. நம்மவர் பெரும்பாலோர் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். லயங்கள் இடிந்தபோது அவற்றில் வழங்கிய சொற்களும் இடிபாடுகளில் கிடக்கின்றன. ஒட்டுப்பால், மங்கு, பெரட்டு ஆகிய சொற்களை இன்றைய மாணவர் பலர் அறியார். அச்சொற்கள் இலக்கியச் சொற்கள் அல்ல என்பது உண்மையே. ஆனால் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வியர்வை சிந்திய வாழ்வு முழுவதும் அச்சொற்களில்தான் பொதிந்துள்ளது. அவற்றை வெட்கத்தால் நாம் மறந்தோமாயின், அவர்களையும் மறந்தவர்களாவோம்.

அகராதி செய்தவர் எழுதிய நகைச்சுவை

‘நகைச்சுவை நூல்கள் பொழுதுபோக்கு, அறிவு நூல்களே பயன்தருவன’ என்பாரும் உளர். அவர்களுக்கு ஒரு சான்று கூறுவேன்.

1680-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் பிறந்து, தமிழகம் வந்து, தமிழ் கற்று, 1747-ஆம் ஆண்டு மறைந்தவர் வீரமாமுனிவர். ‘தேம்பாவணி’ என்னும் காப்பியம் பாடியவர். 1732-இல் ‘சதுரகராதி’யைத் தொகுத்தவரும் அவரே. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைந்த அவ்வகராதி, தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் தேடிக் காணும் வழியைத் திறந்தது. இத்துணைப் பேரறிஞர் குழந்தைகளும் சிரித்து மகிழும் ஒரு கதை நூலையும் எழுதினார். அதுவே ‘பரமார்த்த குருவின் கதை’.

அந்தக் குருவுக்கு ஐந்து சீடர். அவர்தம் பெயர்களைக் கேளுங்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெயரைச் சொன்ன அளவிலேயே சிரிப்பு வருகிறது. மிலேச்சன் என்பது அயல்நாட்டாரை இழித்துக் கூறும் சொல்லாகவும் வழங்கியது. தாமே அயல்நாட்டவராக இருந்தும் அப்பெயரை ஒரு சீடனுக்குச் சூட்டிய முனிவரின் பெருந்தன்மையை எண்ணி நான் வியப்பதுண்டு. 

குருவும் சீடரும் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு விழித்திருந்தால் ஆபத்து என அஞ்சி, அது தூங்குகிறதா என அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றனர். ‘சுர்’ரென ஓசையும் புகையும் எழவே, ஆறு சினந்து சீறுகிறது என ஓட்டம் பிடிக்கின்றனர். ஒருவாறு கரையேறிய பின் எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணுபவன் தன்னை விட்டு எண்ணுவதால் ஆறு பேர் ஐவராகின்றனர். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது எனக் கூடி அழுகின்றனர்! குதிரை முட்டை எனப் பூசணிக்காயை விலை கொடுத்து வாங்கிய கதையும் இந்நூலில் உள்ளதே. 

இந்நூல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1822-ஆம் ஆண்டு இலண்டனில் அச்சாயிற்று. அகராதி தொகுத்த கையே இதனையும் எழுதிற்று என்பதை மறவாதீர்கள். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டுப் பார்ப்பவனுக்கு, அவற்றின் வேடிக்கையும் தெரியத்தானே செய்யும்? நகைச்சுவையும் புலமையும் பகைவர்கள் அல்லர். ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

எனக்குக் கிடைத்த நூல்கள்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் புத்தகம் என ஒன்றும் இல்லை. கடையிலிருந்து பருப்பும் சீனியும் சுற்றி வந்த தாள்களே என் முதல் நூலகம். அத்தாளில் ஒரு கதையின் நடுப்பகுதி இருக்கும். தொடக்கமும் முடிவும் வேறு யாருடைய வீட்டுப் பருப்போடோ போயிருக்கும். அம்முடிவை நானே கட்டி என் தங்கைக்குச் சொல்வேன். அவள் நம்பிவிடுவாள்.

பின்னர் ‘அம்புலிமாமா’ கிடைத்தது. 1947-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற அச்சிறுவர் இதழின் பழைய படிகள், தோட்டத்து முடிதிருத்தும் கடையில் அட்டையிழந்து கிடக்கும். தலைமுடி வளராத மாதத்திலும் நான் அங்கே சென்று அமர்ந்ததுண்டு. ‘வேதாளம்’ என்னும் சொல்லை அங்குதான் கற்றேன். அதனை உரக்கச் சொல்லிப் பார்க்கும்போதே வாய் பெரிதாகத் திறந்து, தானே ஒரு வேதாளமாகிவிடும்! 1972-இல் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழின் நாயகன் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் மறைந்துவிடும்; இரும்புக் கை மட்டும் வானில் மிதந்து வரும். உறவினர் ஒருவர் கொண்டு வந்த அந்நூலை எங்கள் லயத்துப் பிள்ளைகள் பன்னிருவர் முறை வைத்துப் படித்தோம். இறுதியில் அதன் தாள்களும் மாயாவியின் உடலைப் போல மறைந்தன!

என் அன்னையார் எழுத்தறியாதவர். நான் படிப்பது பாடநூலா படக்கதையா என அவருக்குத் தெரியாது. “என்னடா சிரிக்கிறாய்? எனக்கும் சொல்லு” என்பார். சொல்வேன். அடுப்படியில் அமர்ந்து அவரும் சிரிப்பார். எழுத்தறியாத அத்தாயே எனக்குக் கிடைத்த சிறந்த ஆசிரியை என இன்று உணர்கிறேன். கேட்பதற்கு ஒருவர் இருந்ததால்தான் நான் மேலும் மேலும் படித்தேன்.

இன்றைய பெற்றோர் பலர் கற்றவர்கள். ஆனால், “பாடநூலை விட்டுவிட்டுக் கதைப் புத்தகத்தோடு என்ன சிரிப்பு?” என அதட்டுகின்றனர். அதே வேளையில் பிள்ளை கைப்பேசியை மணிக்கணக்கில் பார்த்திருந்தாலும், அமைதியாக இருக்கிறான் என விட்டுவிடுகின்றனர். பிள்ளை அமைதியாக இருப்பது மட்டும் நலமாகாது. புத்தகத்தோடு சிரிக்கும் பிள்ளை, கைப்பேசியோடு மௌனமாயிருக்கும் பிள்ளையைக் காட்டிலும் நல்ல நிலையில் இருக்கிறான் என்பதே என் துணிபு.

‘தேர்வுக்கு இது உதவுமா?’ என்பது அடுத்த வினா. 1988 முதல் நம் பிள்ளைகள் எழுதி வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. தேர்வுகள் வரும், போகும், மாறும். படிக்கும் பழக்கம் ஒன்றே இறுதிவரை உடன் வரும். இரட்டைக்கிளவியையும் மரபுத்தொடரையும் பட்டியலாக மனப்பாடம் செய்யும் மாணவன் தேர்வு முடிந்ததும் மறக்கிறான். கதையில் கண்டு சிரித்தவனோ கிழவனான பின்னும் மறப்பதில்லை. இதற்கு நானே சான்று.

செய்ய வேண்டுவன

குறை கூறி முடித்தல் எளிது. ஆகவே இயன்ற சில வழிகளையும் சொல்கிறேன்.

மாணவர்களே! ஆளுக்கொரு சிறிய குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் ‘சொல் உண்டியல்’ எனப் பெயரிடுங்கள். நாளுக்கு ஒரு சொல் போடுங்கள். ஏடாகூடம், கன்னாபின்னா, குய்யோ முய்யோ, மூஞ்சூறு, முள்நாறிப்பழம் என உங்களுக்குச் சிரிப்பு மூட்டும் எச்சொல்லாயினும் சரி. முள்நாறிப்பழம் எதுவெனத் தெரியவில்லையா? டுரியானைத்தான் அவ்வாறு கூறுவர். முள்ளும் உண்டு, நாற்றமும் உண்டு, பெயரில் பொய்யில்லை! ஆண்டு முடிவில் உங்கள் உண்டியலில் 365 சொற்கள் சேர்ந்திருக்கும். திருடர் கொண்டு போக முடியாத உண்டியல் அது.

தாத்தா பாட்டியுடன் வாழும் பிள்ளைகள் அவர்களிடம் தோட்டத்துச் சொற்களைக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை இருக்கும். அதனையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு இம்மலரிலேயே அவற்றை வெளியிடலாமே!

பெற்றோர்களே! நாள்தோறும் பத்து நிமிடம் போதும். பிள்ளை உரக்கப் படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிடினும் குறையில்லை; செவி இருந்தால் போதும். வேலை முடிந்து களைத்து வந்திருப்பீர்கள் என்பதை அறிவேன். என் தாயும் களைத்தே வந்தார். 

ஆசிரியப் பெருமக்களே! நூல்களைக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைத்திருக்கும் பள்ளிகளையும் நான் கண்டதுண்டு. புத்தகம் கிழிந்துவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். கிழியட்டும்! படித்துக் கிழிந்த நூலே தன் கடமையைச் செய்த நூல். வாரத்தில் ஒரு பாடவேளையேனும் பிள்ளைகள் தாம் விரும்பிய நூலைத் தாமே எடுத்துப் படிக்கட்டும். படித்து முடித்தவுடன் கேள்வி கேட்காதீர்கள். ‘எந்த இடத்தில் சிரிப்பு வந்தது?’ என்று மட்டும் கேளுங்கள்.

முடிவுரை

1816-ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி, இருநூறு ஆண்டுகளைக் கடந்து இந்நாட்டில் நிலைத்து நிற்கிறது. இன்றும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றைக் காக்க வேண்டும் என மேடைதோறும் பேசுகிறோம். கட்டடத்தைச் சுவர் காக்கும். பள்ளியை மாணவர் எண்ணிக்கை காக்கும். மொழியைக் காப்பது எது? அம்மொழியில் படித்து மகிழும் பிள்ளையே. கடமைக்காகப் படிப்பவன் கடமை முடிந்ததும் நூலை மூடிவிடுவான். மகிழ்ந்து படிப்பவனோ தன் பிள்ளைக்கும் படித்துக் காட்டுவான்.

ஆகவே உங்கள் வீட்டில் ஒரு குழந்தை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனக்குத் தானே சிரிக்குமாயின், அருகே சென்று, “எனக்கும் சொல்லு” என்று கேளுங்கள். லோரி ஓட்டும் என் மாணவனுக்கு அந்தத் தவளைப் புத்தகத்தின் படியொன்றைத் தேடிப் பிடித்து அனுப்பிவிட்டேன். அவன் மகள் இப்போது அதனைப் படித்துக்கொண்டிருக்கிறாளாம். எந்தச் சொல்லில் அவள் சிரித்தாள் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!